மலர் பத்தொன்பது, இதழ் ஒன்பது

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு மூன்று கால்தான் உறுதி. இந்த முக்காலியில் உட்காருங்கள். இதற்கும் மூன்று கால்தான். ஆனால் இது மூன்றுக்கென்றே செய்தது.

பையை மேஜைமேல் வைக்கலாம். மழைத்தண்ணீர் சொட்டவில்லையே? சரி.

‘குடும்ப தீபிகை’ விஷயமாக வந்தீர்களா? தெரியும். பட்டியல் அச்சாகி வந்த பிறகு இந்தப் படிப்பகத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் அதற்காகத்தான் வருகிறார்கள். நீங்கள் ஏழாவது ஆள். மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கிருந்து இளைஞர் வாசகசாலைக்குப் போய், அங்கிருந்து ஆலைத் தொழிலாளர் மன்றத்துக்குப் போய், கடைசியாக இங்கே வந்திருப்பீர்கள். எல்லோரும் அந்த வரிசையில்தான் வருகிறார்கள். போகவில்லையா? நேரே இங்கேயா? ஆச்சரியம்தான்.

இருங்கள், நீங்கள் எதுவும் சொல்லவேண்டாம். முதலில் நான் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் பேசிப் பழக்கம் இல்லாதவன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வராது. முன்னால் வந்த ஆறு பேரிடமும் இரண்டே சொல் சொன்னேன், “இங்கே இல்லை” என்று. ஏழாவது ஆளிடமும் அதையே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மேலும் நாளையோடு நான் வேலையை விட்டு நிற்கிறேன். ஐம்பத்தாறு வருஷம் ஆயிற்று. நாளைக் காலை பத்து மணிக்கு இதோ இந்த இதழ்ப் பதிவேட்டைச் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அதில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. ஒரே ஒரு கட்டம். அதோடு ஒப்படைப்பதுதான் எனக்கு மனசு ஒப்பவில்லை.

குடும்ப தீபிகை மாதப் பத்திரிகை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று ஜனவரியில் ஆரம்பித்து எண்பத்தேழு டிசம்பரில் நின்றது. முப்பத்தேழு வருஷம், வருஷத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் நானூற்று நாற்பத்து நான்கு. எங்களிடம் இருந்தது நானூற்று நாற்பத்து மூன்று. இல்லாதது மலர் பத்தொன்பது, இதழ் ஒன்பது. அறுபத்தொன்பது செப்டம்பர்.

பல்கலைக்கழகத்திலிருந்து தமயந்தி மேடம் என்று ஒருவர் வந்தார். நல்ல மாதிரி. எந்த நூலகத்தில் எந்தப் பத்திரிகை, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை இருக்கிறது என்று மாவட்டம் முழுவதற்கும் ஒரே பட்டியல் போடவேண்டும், எல்லோரும் ஒரே முறையில் எழுதவேண்டும், ஒருவரிடம் இல்லாததை இன்னொருவர் கொடுத்து உதவவேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நான் ஒருவனே ஒரே முறையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆலங்கரையில் நூலகம் நான்கு. நான்கு பேரும் வாசகசாலையில் கூடினோம். வாசகசாலை மீரான் மைதீன் அண்ணாச்சியுடையது. அவர்தான் டீ சொன்னார். ஆளுக்கு ஒரு பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வைத்தோம். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மிஷன் பள்ளிச் சமாதானம் சார் பதிவேட்டில் ‘குடும்ப தீபிகை, மூன்றே கால் அடி’ என்று இருந்தது. அவ்வளவுதான். அலமாரியில் அடைக்கும் நீளத்தை அளந்து எழுதியிருந்தார். மைதீன் அண்ணாச்சி பதிவேட்டில் கொடுத்தவர் பெயர்தான் இருக்கும். ‘ஹாஜியார் வீட்டுக் கட்டு ஒன்று, கம்பவுண்டர் கொடுத்தது இரண்டு கட்டு, மரக்கடையார் மாடியைக் காலி செய்தபோது வந்தது.’ எந்த வருஷத்துப் பத்திரிகை என்று கேட்டால், “மரக்கடையார் மாடியக் காலி பண்ணுன வருசம்” என்பார்.

ஆலை மன்றத்து உலகநாதன் தமிழ் வருஷப் பெயரில் எழுதியிருந்தார். கர முதல் பிரபவ வரை. எனக்குப் புரிந்தது, ஐம்பத்தொன்று முதல் எண்பத்தேழு. ஆனால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருமல்லவா? மேடத்தின் கம்ப்யூட்டர் அதை இரண்டாயிரத்துப் பதினொன்று முதல் இரண்டாயிரத்து நாற்பத்தேழு வரை என்று எடுத்துக்கொண்டது. நின்றுபோன பத்திரிகை, அதிலும் இன்னும் வராத வருஷத்து இதழ்கள், உலகநாதனிடம் இருப்பதாகச் சரிபார்க்க அனுப்பிய முதல் பிரதியில் வந்தது. அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “இருக்கும்” என்றார். அவர் ராத்திரி ஷிப்ட் பார்த்துப் பழகியவர், பகலில் தூக்கம்தான்.

கடைசியாக மேடம் என் பதிவேட்டைப் பார்த்தார். ஒரு இதழுக்கு ஒரு கட்டம். வந்த தேதி, மலர், இதழ், பக்கம், கிழிசல் உண்டா இல்லையா. மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஐயா, எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?” என்றார். எட்டாவது என்றேன். “இனிமே எல்லாருக்கும் இதுதான் முறை” என்றார். அன்று எனக்கு டீ இறங்கவில்லை. ஆறிப்போயிற்று. இரண்டாவது டீயும் ஆறிப்போயிற்று.

ஆனால் அந்த முறை அப்படியே வரவில்லை. மேடம் அச்சடித்துக் கொண்டுவந்த படிவத்தில் நானூற்று நாற்பத்து நான்கு கட்டத்துக்கு இடமில்லை. ஒரே ஒரு கட்டம். ‘முழுமை’ அல்லது ‘குறை’. ஒன்றை அடிக்க வேண்டும்.

மற்ற மூன்று பேரும் ‘குறை’யை அடித்துவிட்டு ‘முழுமை’ என்று விட்டார்கள். அரை நிமிஷம் ஆகவில்லை. நான் ‘முழுமை’யை அடித்தேன்.

மைதீன் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “என்னவே ஆவுடை, கோட்ட மாத்தி அடிச்சிட்டீரு?”

“மாற்றவில்லை அண்ணாச்சி. ஒன்று குறைகிறது.”

“ஒண்ணுதான வே? நானூத்திச் சொச்சத்துல ஒண்ணு. ஒரு பல்லு விழுந்தவனப் பொக்கைவாயன்னா சொல்லுவாக?”

“எனக்கு இருபத்தாறு பல் இருக்கிறது. யாராவது கேட்டால் இருபத்தாறு என்றுதான் சொல்வேன். பல் முழுவதும் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.”

“சொல்லும் வே சொல்லும். உம்ம வாயை யாரு எண்ணிப் பாக்கா!”

சமாதானம் சார் சிரித்தார். உலகநாதன் தூக்கத்திலேயே சிரித்தார். மேடம் மட்டும், “ஐயா, முழுமைன்னா ஏறக்குறைய முழுமைன்னு அர்த்தம்” என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். எனக்கு அது பிடிபடவில்லை. ஏறவும் இல்லை, குறைகிறது ஒன்று. படிவத்தில் காரணம் என்று ஒரு வரி இருந்தது. ‘வரவு வைக்கப்படவில்லை’ என்று எழுதினேன். உண்மை. மேடம் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். ஏன் வரவு வைக்கவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மற்ற மூன்று இடத்துக்கும் நானே நடந்துபோய் எண்ணினேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. சமாதானம் சாரின் மூன்றே கால் அடியில் குடும்ப தீபிகை பதினொன்று இருந்தது. மீதி நீளம் பழைய விடைத்தாள் கட்டு. மைதீன் அண்ணாச்சியிடம் ஐம்பத்தெட்டு. அதில் இருபதுக்கு மேலட்டை இல்லை. உலகநாதன் ஒரு துணி மூட்டையைக் காட்டினார். அவிழ்த்தேன். காலண்டர். தேதி கிழிக்கிற காலண்டர், முப்பத்தாறு. ஒன்றுகூடக் கிழிக்கவில்லை.

ஆக, இந்த ஊரில் குடும்ப தீபிகை ஒழுங்காக இருந்தது இங்கே ஒரே இடத்தில்தான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். மேடத்திடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அவரவர் பட்டியல் அவரவர் பொறுப்பு. மேடம் என் பட்டியலைப் பற்றித்தான் என்னிடம் கேட்டார். மற்றவர்களுடையதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது கோள் சொல்வது போல.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மாவட்ட நூலக அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. எனக்கு மனப்பாடம். ‘ஒரே ஊரில் மூன்று முழுமையான தொகுப்புகள் உள்ளபடியால், குறையுள்ள தொகுப்பை அந்நூலகம் விரும்பினால் கழித்துக்கொள்ளலாம்.’

விரும்பினால் என்றுதான் போட்டிருந்தது. எங்கள் செயலாளர் கோமதிநாயகம் விரும்பினார். இந்த ரேக் அவர் கண்ணை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. போட்டித் தேர்வு கைடுகள் வாங்கி அடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. “அண்ணாச்சி, சனிக்கிழம பழைய பேப்பர்க்காரர வரச் சொல்லிட்டேன்” என்றார்.

“இது ஒன்றுதான் இருக்கிறது” என்றேன்.

“மூணு செட்டு முழுசா இருக்குன்னு கவருமெண்டே எழுதி அனுப்பியிருக்கு. ஒம்ம செட்டுல ஓட்டைன்னு நீரேதான எழுதிக் கொடுத்தீரு?”

நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதை மறுக்க முடியாது.

“அந்த ஒண்ணு கெடைச்சிருச்சுன்னா சொல்லும், வச்சுக்கிடுவோம். நாலாவது முழுசு நம்ம படிப்பகம்னு போர்டே எழுதி வச்சிருவோம். சனிக்கிழம வரைக்கும் டயம்” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எங்கிருந்து கிடைக்கப்போகிறது என்று அவருக்கு நினைப்பு.

அந்த இதழ் என் வீட்டில் இருந்தது அம்மா. இருக்கிறது. டிரங்குப் பெட்டியில், என் கல்யாண வேட்டிக்கு அடியில்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் எடுத்துக்கொண்டு போனேன் என்று சொல்லலாம், ஆனால் அது சரியான சொல் இல்லை. பதிவேட்டில் வரவு வைத்த பிறகுதான் ஒரு பொருள் படிப்பகத்துப் பொருள் ஆகிறது. வரவு வைக்காதவரை அது தபாலில் வந்த காகிதம். நான் வரவு வைக்கவே இல்லை.

காரணம் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டு அம்மாளிடமும் சொன்னதில்லை, அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அறுபத்தொன்பதில் எனக்குப் பத்தொன்பது வயசு. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஜூலை இதழிலும் அட்டையில் ‘இதழ் 7’, ஆகஸ்ட் இதழிலும் ‘இதழ் 7’. எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகஸ்ட் எட்டல்லவா? மூன்று நாள் யோசித்து ஒரு தபாலட்டை எழுதிப் போட்டேன். ‘ஆசிரியர் அவர்களுக்கு, இரண்டும் ஏழாக இருக்கிறது, கவனிக்கவும், ஆவுடையப்பன், ஆலங்கரை.’ அவ்வளவுதான். நன்றி என்று ஒரு வரி போடுவார்கள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் இதழ் வந்தது. முப்பத்தொன்றாம் பக்கம். என் கடிதத்தை அப்படியே போட்டு, கீழே ஆசிரியர் பதில்: ‘ஆலங்கரை அன்பருக்கு. எங்கள் இதழை எண்ணுகிற வாசகர் ஒருவர் கிடைத்துவிட்டார். படிக்கிற வாசகர் எப்போது கிடைப்பாரோ!’

ஆலங்கரை அன்பர் என்று மட்டும் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. மேலே கடிதத்தில் என் பெயரும் இருக்கிறதே. இந்த ஊரில் அந்தப் பத்திரிகை அப்போது எத்தனை பேர் படித்தார்கள் தெரியுமா? படிப்பகத்துக்கு வருகிறவர்களில் அறுபது பேர். மைதீன் அண்ணாச்சிக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, தினமும் வருவார். அவர் கண்ணில் பட்டிருந்தால் இன்றுவரை என்னை ‘எண்ணுகிற வாசகரே’ என்றுதான் கூப்பிடுவார். தபால்காரர் கொடுத்ததும் பிரித்தேன், படித்தேன், சட்டைக்குள் வைத்தேன். எல்லோரும் கேட்டார்கள், செப்டம்பர் இதழ் எங்கே என்று. வரவு இல்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

நான் படிக்காதவன் என்று எழுதிவிட்டாரே, அதுதான். படிக்க எனக்கு நேரம் ஏது? வருகிற ஒவ்வொரு இதழையும் பக்கம் பக்கமாக எண்ணவேண்டும், பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது படிப்பதைவிடக் கஷ்டம். நானூற்று நாற்பத்து நான்கில் நான் படித்தது அந்த ஒரு பதில்தான். படித்தது அதை மட்டும்தான் என்பதால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடாது.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை அந்த இதழைப் பையில் வைத்து இங்கே கொண்டுவந்தேன். பதிவேட்டைத் திறந்தேன். காலிக் கட்டம் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. வந்த தேதி என்று போடவேண்டுமே, எந்தத் தேதியைப் போடுவது? இன்றைய தேதி போட்டால் பொய். அது அறுபத்தொன்பது செப்டம்பர் நாலாம் தேதி வந்தது. செப்டம்பர் நாலு என்று போட்டால், இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று கேள்வி வரும். பழைய தேதியிட்டுப் புதிதாக எழுதுவது குற்றமும்கூட. சாயங்காலம் திரும்பக் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை கொண்டுவந்தேன். கொண்டுபோனேன். சனிக்கிழமை காலையிலும் கொண்டுவந்தேன். போக மூன்று, வர மூன்று.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பழைய பேப்பர்க்காரர் சுடலைமுத்து மூன்று சக்கர வண்டியோடு வந்தார். இதோ, இந்த மேஜையடியில் என் பை. பைக்குள் அந்த இதழ். செயலாளர் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லவில்லை. வாய்க்குள் வந்தது. அந்தச் சமயத்தில் மைதீன் அண்ணாச்சி பேப்பர் படிக்க உள்ளே வந்து உட்கார்ந்தார். அவருடைய வாசகசாலையில் பேப்பர் நிறுத்திவிட்டார்கள், இங்கேதான் வருவார். அவர் முன்னால் முப்பத்தொன்றாம் பக்கத்தை எப்படி அம்மா எடுத்து வைப்பது?

சுடலைமுத்து கட்டை அப்படியே அள்ளப் போனார். “எண்ணித்தான் தருவேன்” என்றேன்.

“எதுக்குய்யா எண்ணிக்கிட்டு? தராசு இருக்குல்லா?”

“தராசு எடையைச் சொல்லும். எத்தனை என்று சொல்லாது.”

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மலர் ஒன்று இதழ் ஒன்று, மலர் ஒன்று இதழ் இரண்டு. இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருநூற்று இருபத்து நான்காவதைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன். அடுத்தது அதுதான். சுடலைமுத்து கையை நீட்டிக்கொண்டே, “என்னய்யா, முடிஞ்சுதா?” என்றார். இருநூற்று இருபத்தாறாவதை எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் ‘நானூற்று நாற்பத்து மூன்று இதழ் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வேண்டுமானால் காட்டுகிறேன். அச்சடித்த மாதிரி எழுத்து அந்த மனிதருக்கு.

இதோடு முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமாதானம் சார் கோயிலுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்கு வந்தார். ‘முழுமை’ என்று போட்ட மூன்று பேருக்கும் வேறொரு கடிதம் வந்திருக்கிறது. தொகுப்பைப் பார்வையிட மேடம் வியாழக்கிழமை நேரில் வருகிறார். “ஆவுடையப்பன், உங்க தொகுப்ப ஒரே ஒரு நாளைக்குக் கடனா கொடுங்க. வெள்ளிக்கிழமை திருப்பிடுறேன்” என்றார். திங்கட்கிழமை உலகநாதன் வந்தார். அவரும் அதையே கேட்டார். அவர் விழித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரத்தில் மைதீன் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, சனிக்கிழமை நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எண்ணிக் கொடுத்தேனே, அதுதான்” என்றேன்.

“அட பாவி மனுசா! ரெண்டு மணி நேரமா வாய்க்குள்ள முணுமுணுத்தீரே, நான் ஏதோ செபம் பண்ணுதீருன்னுல்லா இருந்தேன்!”

பிறகு யோசனை சொன்னவரும் மைதீன் அண்ணாச்சிதான். பட்டியலின் நோக்கமே ஒருவருக்கொருவர் கொடுத்து உதவுவதுதானே? மிஷன் பள்ளி தன் தொகுப்பை வாசகசாலைக்கு இரவல் கொடுத்தாயிற்று. வாசகசாலை தன் தொகுப்பை ஆலை மன்றத்துக்குக் கொடுத்தாயிற்று. ஆலை மன்றம் தன்னுடையதை மிஷன் பள்ளிக்குக் கொடுத்தாயிற்று. எல்லாம் அனுப்பியாயிற்று, இன்னும் போய்ச் சேரவில்லை. மூன்று இரவல் சீட்டு வேண்டும், புது முறைப்படி. என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். எழுதுகிறவனுக்குப் பொறுப்பில்லை, கையெழுத்துப் போடுகிறவருக்குத்தான் பொறுப்பு. எண்ணிக்கை என்ற இடத்தில் மூன்று சீட்டிலும் நானூற்று நாற்பத்து நான்கு என்று போட்டேன். அன்றைக்கு இந்த ஊர்த் தெருவில், நான் எழுதியபடி, ஆயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டு குடும்ப தீபிகை போய்க்கொண்டிருந்தது.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “பட்டியலே இன்னும் அச்சாகலை, அதுக்குள்ள பகிர்ந்துக்க ஆரம்பிச்சிட்டீங்களா!” என்றாராம். மாவட்டத்திலேயே ஆலங்கரைதான் முதல் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். எங்கள் படிப்பகம் பார்வையிடும் வரிசையில் இல்லை. குறையுள்ள தொகுப்பை யார் வந்து பார்ப்பார்கள்? கழித்ததை நாங்கள் எழுதித் தெரிவிக்கவேண்டும் என்று சுற்றறிக்கையில் சொல்லவில்லை. சொல்லாததால் தெரிவிக்கவில்லை. அதனால் அச்சான பட்டியலில் மூன்று இடம் ‘முழுமை’, எங்களுடையது ‘குறை, மலர் 19 இதழ் 9 நீங்கலாக’. அதற்குக் கீழே மேடம் தாமாகவே ஒரு வரி சேர்த்துவிட்டார், ‘வைத்திருப்போர் தந்து உதவவும்’ என்று. நான் அப்படிக் கேட்கவே இல்லை.

இதுதான் நடந்தது. மற்றவர்கள் உண்மையை எழுதியிருந்தால் என் நானூற்று நாற்பத்து மூன்றும் இங்கே இருந்திருக்கும். உண்மையை எழுதினவன் தலையில்தான் விடிந்தது. அந்த மூன்று பேரையும் நினைத்தால் எனக்கு ஆறவில்லை அம்மா. ஒளிக்காமல் உள்ளதை உள்ளபடி எழுத என்ன கஷ்டம்?

உங்களுக்கு எந்த இதழ் வேண்டியிருந்ததோ, அது இங்கே இல்லை. சொல்லிவிட்டேன். இனி நீங்கள் பேசலாம்.

என்ன? பையை எதற்குப் பிரிக்கிறீர்கள்?

கேட்க வரவில்லையா? கொடுக்க வந்தீர்களா?

உங்கள் அப்பாவுடையதா. கோவில்பட்டியில் தந்தி ஆபீசில் இருந்தாரா. சரி. அவர் வீட்டை ஒழுங்கு செய்தபோது இது ஒன்று மட்டும் தனியாக இருந்ததா. பட்டியலில் அந்த வரியைப் பார்த்துவிட்டு இவ்வளவு தூரம் பஸ்ஸில்… இருங்கள், கையைத் துடைத்துக்கொள்கிறேன்.

மலர் பத்தொன்பது. இதழ் ஒன்பது.

முப்பத்தொன்றாம் பக்கம் படித்தீர்களா?

படித்தீர்கள். சரி. ஊர்ப்பெயரைப் பார்த்ததும் நினைத்தீர்களா. ஆமாம், அந்த ஆவுடையப்பன் நான்தான். இதுவரை யாரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

ஓரத்தில் என்ன பென்சிலில்? கண்ணாடியை மாற்றிக்கொள்கிறேன். உங்கள் அப்பா எழுத்தா? ‘நானும் எண்ணினேன். சரிதான்.’

கொஞ்சம் இருங்கள்.

ஒன்றுமில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன், சாரல் அடிக்கிறது. தந்தி ஆபீசில் சொல்லைக்கூட எண்ணித்தான் அனுப்புவார்கள், இல்லையா? உங்கள் அப்பா ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம். முகவரி அச்சில்தான் இருந்தது. ஆனால் அவரும் பேசுகிற ஆளாக இருந்திருக்க மாட்டார்.

எழுதிவிடுகிறேன். வந்த தேதி, இன்று. இதில் பொய்யில்லை பாருங்கள், இது இன்றைக்குத்தான் வந்தது. கொடுத்தவர், உங்கள் பெயர் சொல்லுங்கள். அன்பளிப்பு. பக்கம் எண்ணவேண்டும், இரண்டு நிமிஷம். அறுபத்து நான்கு, சரியாக இருக்கிறது. நிலை, நன்று. முப்பத்தொன்றாம் பக்கத்தில் பென்சில் எழுத்து உண்டு, மூன்று சொல். அழிக்க வேண்டாம். ‘அழிக்க வேண்டாம்’ என்றும் எழுதிவிடுகிறேன்.

இதோ. நானூற்று நாற்பத்து நான்குக்கு நானூற்று நாற்பத்து நான்கு வரவு. ஒரு கட்டமும் காலியில்லை. நாளைக்கு நிம்மதியாக ஒப்படைப்பேன். இன்றைக்கே மேடத்துக்கும் ஒரு கடிதம் போடுகிறேன், ஆலங்கரைப் படிப்பகம் ‘முழுமை’ என்று திருத்திக்கொள்ளச் சொல்லி. ஊரில் நான்கும் முழுமை.

சிரிக்கிறீர்கள். நீங்கள் சிரிப்பதும் தெரிகிறது, எதற்கு என்பதும் தெரிகிறது. வரவுப் பதிவேட்டில் வந்ததைத்தான் அம்மா எழுதவேண்டும். போனதற்கு வேறு பதிவேடு, அது செயலாளர் பீரோவில் இருக்கிறது.

வாருங்கள், இடத்தில் வைப்போம். ரேக் காலியாகத்தான் இருக்கிறது, கைடுகள் இன்னும் வரவில்லை. ஒரு இதழுக்கு நான்கு மில்லிமீட்டர், முன்னால் இருநூற்று இருபத்து நான்கு. எண்பத்தொன்பதரை சென்டிமீட்டர், பிறகு கொஞ்சம். ஸ்கேலை அந்த முனையில் பிடியுங்கள். இங்கே. இதுதான் அதன் இடம்.

சாய்கிறது.

பக்கத்தில் ஒன்று இருந்தால் சாயாது. வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து வைக்கலாம். ஆனால் அது வரவில் இல்லையே. ஒரு கட்டத்தில் இரண்டு வரவு வைக்க வழியில்லை. மற்ற நூலகங்களுக்குக் கொடுக்கலாம் என்றால், அவர்கள் எல்லோரிடமும்தான் முழுமையாக இருக்கிறதே.

இருங்கள். அந்தப் பதிவேட்டை எடுத்துக் கொடுங்கள். ஆமாம், அதேதான், கனமாக இருக்கும், இரண்டு கையாலும் தூக்குங்கள். இதை இப்படி நிமிர்த்தி வைத்து, இதழை இதன்மேல் சாய்த்தால்.

பாருங்கள், நிற்கிறது.